கண்டது எது, கேட்டது எது: போரிலிருந்து தப்பி வந்தவர்களின் சாட்சியத்தைப் பதிவது எப்படி

"செல் அடிச்சு எங்கட ஆக்கள் நிறையப் பேர் செத்துப் போச்சினம்." வன்னியிலிருந்து வந்த ஒரு அம்மா இப்படிச் சொன்னால் அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இருபது வருடம் கழித்து ஒரு விசாரணையாளர் இதை வாசித்தால், பிடித்துக்கொள்ள அதில் ஒரு கொழுக்கிகூட இருக்காது. எந்த நாள், எந்த இடம், செல் (எறிகணை) எந்தப் பக்கத்தால் வந்தது, செத்தவர்களில் யாரை அம்மா கண்ணால் கண்டார், யாரைப் பற்றி ஆஸ்பத்திரி வாசலில் கேள்விப்பட்டார் என்ற கேள்விகளுக்கு விடை அவரிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காதது பதிந்தவரின் பிழை.

1983 முதல் 2009 வரையான இலங்கைப் போரில் இடம்பெயர்ந்து, தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களிலோ கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிஸ் போன்ற நாடுகளிலோ இருக்கிறவர்களின் வாய்ச்சொல்லைப் பதிய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பதிகிறவர் பெரும்பாலும் மகளாகவோ பேரனாகவோ ஊர்ச் சங்கத்துத் தொண்டராகவோ இருப்பார். வேலையில் பாதி, கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்வதால் யாருக்கு என்ன நடக்கும்?

புகலிட வழக்கு இன்னும் முடியாத ஒருவரை இப்போதைக்குப் பதியாமல் விடுவதே நல்லது. அவர் விடாப்பிடியாகக் கேட்டால், முதலில் அவருடைய சட்டத்தரணியிடம் பேசுங்கள். குடிவரவு அதிகாரியிடம் "2008 நவம்பர்" என்று சொல்லியிருப்பார். உங்களிடம் "தைப்பொங்கலுக்குக் கிட்ட" என்பார். ஞாபகத்தில் இரண்டு மாதம் முன்பின்னாவது இயல்பு. வழக்குக் கோப்பில் அதற்குப் பெயர் முரண்பாடு, அந்த ஒரு சொல்லால் வழக்கே தோற்கலாம்.

ஆயுத இயக்கம் ஒன்றில் இருந்தவர் என்றால் கவனம் இன்னும் கூட வேண்டும். கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு மாதம் வைத்திருந்தவருக்கும் இது பொருந்தும். போர்க்குற்றம் புரிந்ததாகக் கருதப் பாரதூரமான காரணங்கள் உள்ளவருக்கு அகதிப் பாதுகாப்பு கிடையாது என்கிறது 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 1எஃப் பிரிவு. தான் செய்ததைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் அந்த இடத்திலேயே பதிவை நிறுத்துங்கள். சட்ட ஆலோசனை பெற்ற பிறகு தொடரலாம். "பரவாயில்லை, வைச்சிருப்பம், வெளியில விடேல்லை" என்பது பாதுகாப்பு ஆகாது. கோப்பு என்று ஒன்று இருந்தால் அதைக் கேட்டு வாங்கவும் ஆட்கள் இருப்பார்கள்.

அடுத்தது ஊரில் இருக்கிற உறவுகள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவராவது உள்ளே போய் வந்த குடும்பத்துக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு காணொளி வாசலில் ஆள் வந்து விசாரிப்பதற்குப் போதும். பெயரை மறைத்துவிட்டோம் என்று ஆறுதல்படாதீர்கள். ஊர்ப்பெயர், நாள், "நாலு பிள்ளையளில மூண்டு பேர் ஒரே பங்கருக்குள்ள" என்ற விபரம் மூன்றும் சேர்ந்தால் அந்த ஊரில் எவருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். முகத்தை இருட்டாக்கிய காணொளிகளில் குரல் அப்படியே இருக்கும், கைத்தழும்பு தெரியும், யன்னலுக்கு வெளியே கடைப் பலகை தெரியும். குரலின் சுருதியை மாற்றினால் போதும் என்பதும் தவறு. மாற்றியதைத் திருப்பி மாற்றலாம். உண்மையாகவே மறைக்க வேண்டுமென்றால் எழுத்தாக்கி, வேறொருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

தமிழ்நாட்டு முகாமுக்குள் வெளியாள் கமெராவுடன் போவதற்கு அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் போனால் நீங்கள் வீடு திரும்பிவிடுவீர்கள். மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர் அந்த முகாமில் குடியிருக்கிறவர். சாட்சி சொல்ல வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பயணச் செலவையும் அந்த நாள் கூலியையும் கொடுப்பது முறை. அதற்கு மேல் கொடுத்தால் சாட்சியை விலைக்கு வாங்கியதாகப் பிறகு சொல்வார்கள். கொடுத்த தொகையைக் குறித்து வையுங்கள்.

கடைசியாக, வாக்குறுதி கொடுக்காதீர்கள். "இதில பதிஞ்சா பிள்ளை கிடைப்பானோ?" என்று கேட்பார்கள். "இல்லை அம்மா, இதால அது நடக்கும் எண்டு நாங்கள் சொல்லேலாது" என்று நேரே சொல்லிவிடுங்கள். நட்டஈடு, விசா, குடியுரிமை எதற்கும் இதே பதில்தான். அப்படிச் சொன்ன பிறகும் பேச விரும்புகிறவரை மட்டும் பதியுங்கள்.

ஏற்கனவே சொன்னதைத் திரும்பச் சொல்ல வைக்காமல்

பிள்ளையைத் தேடுகிற தாய்மார் இதே கதையைச் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், மனித உரிமை ஆணைக்குழுவிடமும், 2010–11இல் இருந்த நல்லிணக்க ஆணைக்குழுவிடமும், 2013இல் அமைத்த சனாதிபதி ஆணைக்குழுவிடமும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடமும் சொல்லியிருப்பார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரம் போராட்டமாகக் குந்தியிருந்தும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே முதல் சந்திப்பில் கதை கேட்காதீர்கள், காகிதங்களைக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கங்கள், கடிதங்கள், செஞ்சிலுவைச் சங்க அட்டை, 2009இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமின் பதிவு, குடும்ப அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடைசிப் படம்.

ஸ்கான் செய்யும்போது காகிதம் என்றால் 300 டிபிஐ, சிறிய படங்கள் என்றால் 600 டிபிஐ. இரண்டு பக்கமும் எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலில் எழுதியிருக்கும் ஒரு திகதிதான் பெரும்பாலும் உதவும். மூலக் காகிதத்தை ஒருபோதும் வீட்டை விட்டு எடுத்துப் போகாதீர்கள், "நாளைக்குத் தாறன்" என்று சொல்லியும் வேண்டாம். ஸ்கானரை நீங்கள் கொண்டுபோங்கள்.

காகிதத்தில் இருப்பதைத் திரும்பச் சொல்ல வைக்கத் தேவையில்லை. அதில் இல்லாத இடைவெளிகளை மட்டும் கேட்டால் போதும். அவருடைய பாதி வேதனை அங்கேயே மிச்சமாகும்.

சம்மதம் ஒன்றல்ல, ஐந்து

ஒரு படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்குவது சம்மதமாகாது. ஐந்து கேள்வியையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனிப் பதில் வாங்குங்கள். பதியலாமா? பதிந்ததைப் பூட்டி வைத்திருக்கலாமா? ஆய்வு செய்கிறவருக்குக் காட்டலாமா? பெயரோடு அல்லது பெயரில்லாமல் வெளியிடலாமா? ஐ.நா. அலுவலகமோ நீதிமன்றமோ கேட்டால் கொடுக்கலாமா? முதல் மூன்றுக்கும் ஓம் என்று சொல்லி நாலாவதுக்கு இல்லை என்பவர்கள்தான் அதிகம். அதற்கேற்ற இடம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும்.

கையெழுத்து வைக்கப் பயப்படுகிறவரிடம் கட்டாயப்படுத்த வேண்டாம். பதிவின் தொடக்கத்தில் வாயால் சொன்னால் போதும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எந்தக் கேள்வியையும் தாண்டலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள். பின்வாங்குவதற்குக் கடைசி நாள் ஒன்றையும் குறித்துக் கொடுங்கள், எழுத்துப்பிரதி கையில் கிடைத்து முப்பது நாள் என்பதுபோல. யூடியூப்பில் ஏறியதை இறக்கினாலும் பிரதிகள் ஊரெல்லாம் சுற்றும் என்பதையும் அப்போதே விளக்குங்கள்.

பாலியல் வன்முறை பற்றிப் பதிவது தனிப் பயிற்சி வேண்டிய வேலை. அப்படித் தப்பியவர்களிடம் சாட்சியம் பெறுவதற்கான நடத்தை விதிகளாக 2022இல் வெளியான முராத் கோவையைப் படிக்காமல் அதில் இறங்க வேண்டாம். சித்திரவதைத் தழும்புகளை நீங்கள் படமெடுப்பதைவிட, இஸ்தான்புல் நெறிமுறை (சித்திரவதையை மருத்துவ முறையில் பதிவதற்கான ஐ.நா. வழிகாட்டி) தெரிந்த மருத்துவரிடம் அனுப்புவது பயனுள்ளது.

கருவி: கொஞ்சம் போதும்

நல்ல கைத்தொலைபேசியும் சட்டையில் குத்தும் ஒரு சிறிய மைக்கும் போதும். மைக்கை நாடிக்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். தாவணி, சங்கிலி, தாலிக்கொடி அதில் உரசக் கூடாது. உரசினால் பெறுமதியான இடத்தில்தான் உரசும். ஒலியை நசுக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ஒற்றை ஒலித்தடத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 520 எம்பி ஆகும். ஒலிமட்டத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைச் சுற்றி இருக்கட்டும். அழுகையோ சத்தமோ கூடும்போது உடையாமலிருக்க அந்த இடைவெளி வேண்டும்.

தொலைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். முகாம் வீடுகளில் மின்விசிறியும் தகரக் கூரை மழையும்தான் எதிரிகள். விசிறியை நிறுத்தினால் வெக்கை, நிறுத்தாவிட்டால் இரைச்சல். விடிய ஏழு மணிக்குப் பதிவதுதான் இதற்கு வழி. தொடங்குமுன் 30 வினாடி ஒருவரும் பேசாமல் அறையின் சத்தத்தைப் பதியுங்கள், பிறகு இரைச்சலைக் குறைக்க உதவும். அதன் பின் திகதி, இடம், குறியெண், அறையில் இருக்கிறவர்கள் யார் என்பதை நீங்களே வாயால் சொல்லுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள்.

அறையில் யார் இருக்கிறார்கள் என்பது மைக்கைவிட முக்கியம். கணவன் பக்கத்தில் இருந்தால் மனைவி ஒரு கதை சொல்வார், இல்லாவிட்டால் வேறு கதை. பிள்ளைகள் இருந்தால் பாதிக் கதை வராது. முகாம் தலைவரோ சங்கத் தலைவரோ "சும்மா இருக்கிறன், நீங்கள் கதையுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டால் அன்றைக்குத் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

திகதியைக் கேட்காதீர்கள்

"எத்தனையாம் திகதி?" என்று கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். "தெரியாது" என்பார், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த ஒரு திகதி சொல்வார். இரண்டாவதுதான் ஆபத்து. முன்னமா பின்னமா என்று கேளுங்கள்.

இதற்கு ஒரு நினைவுக்கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கடைசிப் போர் என்றால் அதில் முடிச்சுகள் நிறைய. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி பூட்டப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. வாகனங்கள் கிளிநொச்சியை விட்டுப் போயின. அதே வருடம் நவம்பர் கடைசியில் நிஷா புயல் வெள்ளம் வந்தது. 2009 சனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. சனம் போய் இருக்கவென்று அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்களில் சனவரி 21இல் முதலாவது, பெப்ரவரி 12இல் கரையோரமாக இரண்டாவது, மே 8இல் முள்ளிவாய்க்காலில் மூன்றாவது. பெப்ரவரி 10இலிருந்து காயக்காரரைக் கப்பலில் ஏற்றினார்கள். ஏப்ரல் 20இல் மாத்தளன் பக்கம் மண்ணணை உடைந்து சனம் வெளியேறியது. "முதல் கப்பல் வந்ததுக்கு முன்னமோ?", "சித்திரைப் பிறப்புக்குப் பிறகோ?" என்று இரண்டு முடிச்சுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு போனால் ஒரு கிழமைக்குள் பிடித்துவிடலாம். பிடிபடாவிட்டால் "மார்ச் நடுப்பகுதிக்கும் ஏப்ரல் 20க்கும் இடையில்" என்று எழுதுங்கள். நேர்மையான இடைவெளி பொய்யான துல்லியத்தைவிடப் பெறுமதி கூடியது.

யாழ்ப்பாணத்தாருக்கு 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு, மட்டக்களப்பாருக்கு 1978 சூறாவளி, 2004 சுனாமி, 2006–07 வாகரை இடப்பெயர்வு. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கு 1990 ஒக்ரோபர். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் தமிழ்நாட்டு முகாம்களில் நிறைய. அவர்களுக்குக் கயிறு 1977 கலவரத்திலோ அதற்கும் முன்போ தொடங்கும். யாழ்ப்பாண முடிச்சுகளை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். இவற்றுக்கு மேலே ஒவ்வொருவருக்கும் சொந்த முடிச்சுகள் இருக்கும். மகள் சாமத்தியப்பட்டது, ஓ.எல். (சாதாரண தர) சோதனை, வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல், தேங்காய் விலை ஏறிய கிழமை.

இடங்களின் வரிசையும் ஒரு கயிறுதான். பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று கிழக்கு நோக்கித்தான் சனம் ஒதுங்கியது. எந்த இடத்தில் எத்தனை நாள் தறப்பாள் கட்டியிருந்தார்கள் என்று கேட்டுக் கூட்டினால் நாட்கள் தாமாக விழும்.

நிலவையும் கேளுங்கள். 2009 மே 9 பௌர்ணமி. "நல்ல நிலவு எறிச்சது, ஆக்களின்ர முகம் தெரிஞ்சது" என்றால் அது அதைச் சுற்றிய இரவுகளாக இருக்க வேண்டும். மே 17 இரவு என்றால் நள்ளிரவை ஒட்டித்தான் அரை நிலவு எழும்பியிருக்கும். சாட்சியை மடக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். நாளை நெருக்கிப் பிடிக்க மட்டும்.

மூன்று பெட்டி

முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. சொல்கிற ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பெட்டியில் விழ வேண்டும்: தான் கண்டது, அந்த நேரமே பிறர் சொல்லக் கேட்டது, பிறகு வாசித்தோ தொலைக்காட்சியில் பார்த்தோ அறிந்தது. வருடங்கள் போகப் போக மூன்றும் ஒன்றாகக் கரைந்துவிடும். மனித மூளை அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரிப்பதற்குக் கேள்வி ஒன்றுதான்: "அது உங்களுக்கு எப்பிடித் தெரிய வந்தது?" இதைச் சந்தேகக் குரலில் கேட்டால் ஆள் மூடிக்கொள்வார். "நான் அங்க இல்லைத்தானே, எனக்கு விளங்கச் சொல்லுங்கோ" என்று முன்னால் ஒரு வரி போட்டுக்கொள்ளுங்கள்.

தொடக்கக் கேள்வி விரிந்ததாக இருக்கட்டும். "அண்டைக்கு விடிய எழும்பினதிலிருந்து சொல்லுங்கோ." பிறகு குறுக்கிடாமல் இருபது நிமிடம் கேளுங்கள். தோன்றுகிற கேள்விகளைக் கொப்பியில் குறித்துக்கொண்டு, அவர் முடித்த பிறகு திரும்பி வாருங்கள். "ஆமி அடிச்ச செல்லோ?" என்று கேட்டால் நீங்களே பதிலைக் கொடுத்துவிட்டீர்கள். "எந்தப் பக்கத்தால வந்தது? நீங்கள் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்? கடல் எந்தக் கைப்பக்கம்?" என்று கேட்டால், அவர் கண்டதே விடையாக வரும்.

ஒரு சொல்லைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். 1995 யூலை 9 நவாலித் தேவாலயக் குண்டுவீச்சைச் சொல்கிறவர் "கிபிர் வந்து போட்டது" என்கிறார். கிபிர் விமானங்கள் இலங்கைக்கு வந்தது 1996இல். ஆகவே அவர் பொய் சொல்கிறாரா? இல்லை. பிந்திய வருடங்களில் குண்டு போடும் எல்லா விமானத்துக்கும் சனத்தின் வாயில் கிபிர் என்ற ஒரே பெயர் ஏறிவிட்டது. அதற்கு முன் பொம்மர், சகடை, புக்காரா என்று வேறுவேறு பெயர் இருந்தன. நீங்கள் திருத்தாதீர்கள். "அது எப்பிடி இருந்தது, சத்தம் எப்பிடி, விசிறி சுத்தினதோ, எத்தினை தரம் வட்டம் அடிச்சது?" என்று கேளுங்கள். பெயர் பிழைத்தாலும் விபரம் அவ்வளவு இலகுவில் பிழைக்காது. "செல்" என்பதும் அப்படித்தான்: மோட்டார், ஆட்லறி, பல்குழல், ஆர்பிஜி எல்லாமே செல். குத்துகிற சத்தம் முதலில் கேட்டதா, கூவிக்கொண்டு வந்ததா, ஒன்றா அல்லது வரிசையாக இருபதா, குழி எவ்வளவு ஆழம் என்பவைதான் வேண்டிய விடைகள். "வண்டு" என்றால் வேவு விமானம். தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளை பதியும்போது இது பூச்சியாகிவிடும். "மூண்டு கட்டை" என்றால் மூன்று மைல், ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர்.

எண்ணிக்கைக்கும் இதே முறை. "ஆயிரக்கணக்கு" என்று வந்தால் எழுதிக்கொண்டு, சின்னதாக்குங்கள். உங்கள் பங்கருக்குள் எத்தனை பேர்? பங்கர் எத்தனை அடி நீளம்? நீங்கள் நின்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்தது எத்தனை உடல்? உங்கள் கையால் எத்தனை பேரை அடக்கம் செய்தீர்கள்? பங்கரின் மண்மூட்டையை எந்தச் சீலையில் தைத்தார்கள் என்று கேட்டால் கூறைச்சீலையின் நிறம் வரைக்கும் வரும். அப்படிப்பட்ட விபரத்தை இட்டுக்கட்டுவது கடினம். போரின் மொத்தக் கணக்கை ஒரு சாட்சியிடம் கேட்க வேண்டாம். 2011இல் ஐ.நா. நிபுணர் குழுவே நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றுதான் சொன்னது. ஒரு அம்மாவால் அதைத் தீர்க்க முடியாது. அவருடைய நாலு பேரை அவரைப்போல வேறு எவராலும் சொல்ல முடியாது.

பலர் கேட்கத் தயங்கும் கேள்வியும் ஒன்று உண்டு. "கிட்டடியில ஆயுதத்தோட ஆரும் நிண்டவையோ? அங்கயிருந்து ஆரும் அடிச்சவையோ? வெளிக்கிட விட்டவையோ?" பாதுகாப்பு வலயங்களுக்குள்ளும் ஆஸ்பத்திரிகள் மீதும் அரச படைகள் எறிகணை அடித்ததைப் பதிந்த அதே ஐ.நா. குழு, புலிகள் சனத்தை வெளியேற விடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்ததையும் பதிந்திருக்கிறது. புலம்பெயர் சூழலில் இதைச் சொல்லவிடாத அழுத்தம் இருக்கிறது. ஊர்ச் சூழலில் மற்றதைச் சொல்லவிடாத அழுத்தம். நீங்கள் இரண்டுக்கும் துணை போகாதீர்கள். ஒன்றை வெட்டியெறிந்த சாட்சியத்தை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி பத்து நிமிடத்தில் உடைத்துவிடுவார், மிச்சமும் அதோடு போய்விடும்.

வரைபடம் வேண்டுமென்றால் ஏ3 தாளும் பென்சிலும் கொடுத்து அவரையே கீறச் சொல்லுங்கள். கோவில், கிணறு, பனை, பள்ளிக்கூடம், ஒழுங்கை. கூகுள் வரைபடத்தை முதலில் காட்டினால் ஞாபகம் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். கீறி முடித்த பிறகு காட்டலாம்.

உடைந்து போனால்

ஒரு அமர்வு தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மாலை மங்கிய பிறகு தொடங்கினால் அவருக்கு அன்றிரவு நித்திரை வராது. மே மாத நடுப்பகுதி, செத்தவரின் திதி, தமிழ்நாட்டில் தீபாவளி வெடிக் காலம் மூன்றையும் தவிருங்கள்.

அழுவது ஆபத்தல்ல, தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். கண் ஒரே இடத்தில் நிலைத்துவிட்டால், கேள்வி காதில் ஏறாவிட்டால், "விழுந்தது" என்று சொன்னவர் "விழுகுது, விழுகுது" என்று நிகழ்காலத்துக்கு மாறிவிட்டால் அது வேறு. அவர் இப்போது இங்கே இல்லை. கேள்வியை நிறுத்துங்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்றைக்கு என்ன கிழமை, இது யாருடைய வீடு, காலடியில் நிலம் குளிருதோ என்று இந்த இடத்துக்குக் கொண்டு வாருங்கள். தொடரலாமா என்று அவர் தீர்மானிக்கட்டும், ஆனால் அன்றைக்கு விடுவதே மேல்.

"ஏன் நீங்கள் பிள்ளையைத் தூக்கேல்லை?", "ஏன் முன்னமே வெளிக்கிடேல்லை?" இந்த "ஏன்" இரண்டும் தடை. அதைத்தான் அவர் ஒவ்வொரு இரவும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். "அந்த நேரம் உணர்வு எப்பிடி இருந்தது?" என்பதும் தேவையில்லை.

செத்த இடத்தில் பதிவை முடித்து எழும்பாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் இன்றைய வாழ்க்கைக்கு வரட்டும்: பேரப்பிள்ளை, தோட்டம், தையல் மெஷின். மறுநாள் ஒரு தடவை, ஒரு கிழமை கழித்து ஒரு தடவை தொலைபேசியில் சுகம் விசாரியுங்கள். உளவளத் துணையாளர் ஒருவரின் தொடர்பு முதல் அமர்வுக்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எழுத்தும் பெட்டகமும்

ஒரு மணித்தியாலப் பதிவை எழுத்தாக்க ஆறு மணித்தியாலமாவது போகும். பேச்சை எழுத்துத் தமிழாக்காதீர்கள். "செல் விழேக்க நான் அடுப்படியில நிண்டனான்" என்பது "எறிகணை வீழ்ந்தபோது நான் சமையலறையில் நின்றிருந்தேன்" ஆனால் ஆள் மறைந்துவிடுகிறார். அதைவிட மோசம், "அடிச்சவங்கள்" என்று அவர் சொன்னதை "இராணுவத்தினர் தாக்கினர்" என்று எழுதுவது. யார் என்று அவர் சொல்லவில்லை என்றால் நீங்களும் சொல்லக் கூடாது. "காணாமல் போனவர்", "காணாமல் ஆக்கப்பட்டவர்", "வட்டுவாகலில் கையளிச்சது" மூன்றும் மூன்று பொருள். படையிடம் தன் கையால் ஒப்படைத்த தாய் பிள்ளை காணாமல் போனதாக ஏற்கமாட்டார். அவர் சொல்லைத்தான் எழுத வேண்டும், மொழிபெயர்க்கும்போதும். நிமிடத்துக்கு ஒரு நேரக்குறி போடுங்கள். மௌனத்தை [12 வினாடி மௌனம்] என்று குறியுங்கள்.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் பிரதியில். கோப்பின் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம். 20250614-017-02 என்றால் நாள், குறியெண், பகுதி. குறியெண்ணுக்கு உரியவர் யார் என்ற பட்டியல் வேறொரு இடத்தில், வேறொருவரிடம். பதிந்த அன்றே கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 குறியீட்டைக் கணித்து அந்த 64 எழுத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் இது காட்டிக்கொடுக்கும். எந்தக் கருவி, யார் கையில் இருந்தது, யாருக்கு எப்போது மாறியது என்பதும் அதே குறிப்பேட்டில். பிரதி மூன்று, இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். வெராகிரிப்ட் போன்ற குறியாக்க மென்பொருள் ஒன்றால் பூட்டுங்கள். கடவுச்சொல்லை மறந்தால் திறக்க வழியே இல்லை, ஆகவே இருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பினால் ஒலி நசுங்கும். படங்களின் உள்ளே இருந்த நாளும் இடமும் அழியும். ஆவணமாக அனுப்பினால் நசுங்காது, ஆனால் பெறுகிறவரின் தொலைபேசியிலும் அதன் மேகப் பிரதியிலும் போய்க் குந்திவிடும். பென்டிரைவைக் கையில் கொடுப்பதே நல்லது.

மேடையில் பேச விரும்புகிறவருக்கு

ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையில் அரசசார்பற்ற அமைப்புகளுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். தமிழ் ஐ.நா.வின் ஆறு மொழிகளில் ஒன்றில்லை, ஆகவே மொழிபெயர்ப்பு உங்கள் பொறுப்பு. இரண்டு நிமிடத்தில் 1948இலிருந்து தொடங்கினால் முள்ளிவாய்க்காலுக்கு வருமுன் மைக் நின்றுவிடும். ஒரு சம்பவம், ஒரு இடம், ஒரு கோரிக்கை. அதே ஊரில் இருக்கும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் இலங்கைப் பொறுப்புக்கூறல் திட்டம், 2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானத்தின்படி சான்றுகளைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. மேடைப் பேச்சைவிட ஒழுங்காகப் பதிந்த ஒரு சாட்சியம் அங்கே அதிக தூரம் போகும் என்பது எங்கள் எண்ணம். கொடுப்பதானால் அந்த ஐந்தாவது சம்மதம் கையில் இருக்க வேண்டும்.

பத்திரிகையாளரிடம் பேசுமுன் பெயர் வருமா, படம் வருமா, எந்த மொழியில், எங்கே என்று கேட்டு முடித்துவிடுங்கள். "இது எழுத வேண்டாம்" என்பதைச் சொன்ன பிறகு சொன்னால் செல்லாது.

எழுத்துப்பிரதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுபோய் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரிந்தவருக்கும் வாசித்துக் காட்டுங்கள், கேட்கும்போதுதான் பிழை பிடிபடும். அவர் திருத்துவதை ஓரத்தில் நாளோடு குறியுங்கள். முதலில் சொன்னதை அழிக்க வேண்டாம். ஒலிப்பதிவின் பிரதி வேண்டுமா என்று கேளுங்கள். சிலர் வீட்டில் வைத்திருக்கப் பயப்படுவார்கள், அவர்களுக்காக நீங்கள் வைத்திருங்கள். எழும்புமுன் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும், பலர் கேட்க மறப்பது: "உங்களுக்குப் பிறகு இதை வெளியில விடுறதோ வேண்டாமோ எண்டு ஆர் முடிவெடுக்கிறது?" அவர் சொல்லும் பெயரை, குறியெண்ணுக்குப் பக்கத்தில், அந்தத் தனிப் பட்டியலில் எழுதி வையுங்கள்.